பட்டாளத்தாரின் மத்தியானம்

"கேஸ் மூடினேன். பாரு."

"பார்த்தாச்சு."

"பின்கதவு தாழ்ப்பாள் போட்டேன். பாரு."

"பார்த்தாச்சுங்க."

"சாப்பாட்டுப் பை. மூடியை இறுக்கிட்டேன். பாரு."

மனைவி தலை வாரிக்கொண்டே வந்தாள். சீப்பை வாயில் கவ்விக்கொண்டு, பைக்குள் எட்டிப் பார்த்து, பையை மூடி, அதன் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து ஒரு தரம் அழுத்தி எடுத்தாள். அந்தக் கை எழுந்த பிறகுதான் பட்டாளத்தார் செருப்புக்குள் காலை நுழைத்தார்.

மழை கொட்டினாலும் சரி, கண்ணெதிரே பஸ் போனாலும் சரி, இன்னொரு ஜோடிக் கண் பார்த்துச் சொல்லாமல் அவர் வாசற்படியைத் தாண்டியதில்லை. ஒருநாள் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். மகள் நல்ல தூக்கத்தில் இருந்தாள். மனிதர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "கொஞ்சம் வந்து எங்க வீட்டு கேஸைப் பார்த்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அந்த வீட்டுக்காரர் பாதி முகத்தில் சோப்பு நுரையும் கையில் வாளி நிறையத் தண்ணீருமாக ஓடி வந்தார். மூடியிருந்த கேஸை வெறித்துப் பார்த்துவிட்டு, "என்னய்யா, மூடித்தானே இருக்கு?" என்றார். "ஆமா, மூடித்தான் இருக்கு. நன்றி" என்று சொல்லிவிட்டுப் பட்டாளத்தார் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். வாளி மனிதர் இன்று வரை அந்தக் கதையைத் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மகளுக்கு இந்தச் சடங்கு பிடிக்காது. காலேஜுக்கு ஓடும் அவசரத்தில், "பார்த்தாச்சு, பார்த்தாச்சு, எல்லாம் பார்த்தாச்சு!" என்று திரும்பிப் பார்க்காமலே கத்துவாள்.

"பார்க்காம சொல்லாதே. அது பொய்ச்சாட்சி. எங்க ஷெட்டா இருந்தா உன்னை அன்னைக்கே வெளிய அனுப்பியிருப்பாங்க."

"அனுப்பிடுங்கப்பா, புண்ணியமாப் போகும். முதல் கிளாஸ் போயிடும் எனக்கு!"

அவர் சொல்லும் ஷெட், பாராசூட் மடிக்கும் ஷெட். பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் இருந்தார் என்றதும் துப்பாக்கி, பதுங்குகுழி என்று நாம் எதை எதையோ நினைப்போம். அவர் செய்த சண்டையெல்லாம் ஒரு நீண்ட மேஜையின் மேல், வழுக்கிக்கொண்டு ஓடும் துணியோடுதான். அந்தத் துணியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, நீவி, கயிறுகளைத் தலைமுடி போலச் சீவி, ஒரு சிறிய பைக்குள் அடக்க வேண்டும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் மடித்தவன் கையை எடுத்துவிட்டு, "பாரு" என்று சொல்ல வேண்டும். இன்னொருவன் வந்து குனிந்து பார்த்து, மடிப்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். தன் மடிப்புக்குத் தானே சாட்சி சொல்ல அங்கே யாருக்கும் உரிமையில்லை. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி.

"நம்ம கண்ணு நம்மகிட்ட பொய் சொல்லும்" என்பார் பட்டாளத்தார். "ஆசையா மடிச்சிருப்போம்ல? தப்பு தெரியாது. அதான் அடுத்தவன் கண்ணு."

பத்தொன்பது வயதில் சேர்ந்தவர், முப்பத்தேழு வயதில் வெளியே வந்தார். ஒல்லியான உடம்பு. காதுக்கு மேல் மட்டும் நரை. உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய கைகள்; விரல் நுனிகள் வழவழவென்று ரேகை தேய்ந்து கிடக்கும். வங்கியில் கைரேகை வைக்கச் சொன்னால் இயந்திரம் அவரை ஆளாகவே மதிக்காது. நடந்து போகும்போது வழியில் கொடிக்கயிறு தொய்ந்து கிடந்தால் நின்று இழுத்துக் கட்டிவிட்டுத்தான் போவார். யார் வீட்டுக் கொடியாக இருந்தால் என்ன?

வெளியே வந்ததும், "பட்டாளத்திலிருந்து வந்துட்டீங்களா? அடுத்து என்ன?" என்று ஊரே கேட்டது. மனைவியின் அண்ணன் கேட்கவே இல்லை. நேராகத் தீர்ப்பே சொல்லிவிட்டார். அவர் காவலாளிகளை வேலைக்கு அனுப்பும் கம்பெனி நடத்துபவர்.

"மாப்ளே, ஏ.டி.எம். வாசல்ல ஒரு ஸ்டூல் காலியா இருக்கு. உங்களுக்குன்னே வெச்சிருக்கேன். மீசை மட்டும் கொஞ்சம் வளத்துக்கங்க. ஜனங்க பயப்படணும்ல?"

"மச்சான், நான் பதினெட்டு வருஷத்துல ஒரு ஈ எறும்பைக்கூட பயமுறுத்தினதில்லை. துணி மடிச்சேன்."

"அதை ஏன் வெளிய சொல்றீங்க? எனக்கு மானம் போகுது!"

அவர் ஸ்டூலில் போய் உட்காரவில்லை. தார்பாய்ப் பட்டறை ஒன்றில் வேலை கேட்டார். லாரிக்கு மூடுதுணி, கடைக்குச் சாய்ப்பு, படகுக்கு உறை என்று தைத்துக் கொடுக்கும் இடம். முதலாளி குண்டான, வாய் ஓயாத மனிதர். முதல் வாரமே இவரோடு தகராறு. காரணம், பட்டாளத்தார் தான் தைத்த தார்பாயை முற்றத்தில் கட்டித் தொங்கவிட்டு, குழாயைத் திறந்து அதன் மேல் தண்ணீரைப் பீய்ச்சவிட்டு, அடியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"என்ன மாஸ்டர் இது? சம்பளம் வாங்கிட்டுப் பேப்பர் படிக்கிறீங்க?"

"பேப்பர் நனைஞ்சா துணி சரியில்லைன்னு அர்த்தம், முதலாளி."

முதலாளிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு லாரிக்காரர் உள்ளே வந்தார். கொட்டுகிற தண்ணீருக்கு அடியில் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் புரட்டுகிற மனிதரைப் பார்த்தார். "எனக்கும் இந்த ஆளு உக்காந்த தார்பாய்தான் வேணும்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு முதலாளியே தினமும் பேப்பர் வாங்கி வைத்தார்.

அந்தப் பட்டறையில் காலூன்றிய நாளிலேயே பட்டாளத்தார் மனதில் ஒன்றை முடிச்சுப் போட்டுக்கொண்டார். நாற்பத்தைந்து வயதோடு வேலைக்கு முழுக்கு. பென்ஷன் இருக்கிறது. பட்டறைச் சம்பளத்தைத் தொடாமல் சேர்த்துவைத்தால் மீதிக்கும் போதும். அறுபது வரைக்கும் எதற்கு?

"அந்த வயசுல வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?" என்று யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்.

"மத்தியானம் வேணும்."

சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். "பதினெட்டு வருஷம் பிகில் சத்தத்துக்கு எழுந்தேன். அப்புறம் பட்டறை மணி. எங்க வீட்டு ஹால்ல மூணு மணிக்கு வெயில் எந்தப் பக்கம் விழும்னு கேட்டா எனக்குத் தெரியாது. சொந்த வீடு! வேலை நாள்ல அந்த நேரத்துக்கு நான் அங்க இருந்ததே இல்லை. லீவுல வந்தா கல்யாணம், ஆஸ்பத்திரி, சொந்தக்காரங்க. மத்தவங்க கேக்காத ஒரு மத்தியானம் எனக்கு வேணும். அவ்வளவுதான்."

ஒரு மனிதன் வாழ்க்கையில் எதற்கெல்லாமோ ஏங்குகிறான். வீடு, கார், பதவி. இவரோ சுவரில் விழும் வெயிலுக்கு ஏங்கினார். இதைப் பேராசை என்பதா, பைத்தியம் என்பதா?

பைத்தியம் என்று மகள் சொன்னாள். ஏனென்றால் அந்தத் திட்டத்தில் அவளுடைய பல்லும் மாட்டிக்கொண்டிருந்தது. "நான் வேலையை விட்டதுக்கப்புறம் இந்த வீட்ல எதுவும் உடையக் கூடாது" என்பது அவருடைய கொள்கை. அதனால் உடையக்கூடியதையெல்லாம் முன்கூட்டியே சரிசெய்துகொண்டே வந்தார். ஒரு வருஷம் மொட்டைமாடிக்குச் சிமென்ட் பூச்சு. ஒரு வருஷம் குழாய்கள் எல்லாம் மாறின. ஒரு வருஷம் மின்கம்பி. அடுத்த வருஷம் குடும்பத்தோடு பல் மருத்துவரிடம் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

"எனக்கு வலியே இல்லையேப்பா!"

"வலி வர்றதுக்குள்ள பார்க்கணும்."

"அம்மா, இவர் என்னையும் மடிச்சுப் பைக்குள்ள வெச்சிருவாரு போலிருக்கு. காப்பாத்து!"

மனைவி காப்பாற்றவில்லை. அவளும் வாயைப் பிளந்து காட்டிவிட்டுத்தான் வந்தாள். அவள் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். வருகிறவர்களை உட்காரவைத்து, கனமான சட்டத்தை மூக்கில் மாட்டி, வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா? இல்ல, முன்னாடி போட்டது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். அலுக்காமல் கேட்பாள். மங்கலாக உட்கார்ந்திருந்த ஆள் சட்டென்று எழுத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கிற அந்த நொடிக்காகவே தான் வேலைக்குப் போவதாகச் சொல்வாள். "நீங்க ரிட்டயர் ஆகுங்க. நான் ஆக மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

கூரைக்கு, "பார்த்தாச்சு" சொன்னாள். குழாய்க்குச் சொன்னாள். மின்கம்பிக்கும் பல்லுக்கும் சொன்னாள். ஆனால் மொத்தத் திட்டத்தையும் எடுத்து முன்னால் வைத்து, "நாப்பத்தஞ்சுல விட்டுடறேன். பாரு" என்று அவர் சொல்லும்போதெல்லாம் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்ன தப்பு சொல்லு."

"சொல்லத் தெரியலை. எங்கயோ மங்கலா இருக்கு."

"எங்க மங்கலா இருக்கு?"

"என்கிட்ட வர்றவங்களுக்கும் அது தெரியாதுங்க. மங்கலா இருக்குன்னு மட்டும்தான் தெரியும்."

அந்த ஒரு கை விழாததுதான் அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. சாட்சிக் கை விழாத பாராசூட்டை ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கக்கூட விடமாட்டார்களே! அவள் மனம் ஒப்பாமல் வேலையை விடுவது எப்படி? விடாமல் இருப்பதுதான் எப்படி?

நாற்பத்தைந்துக்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கும்போது முதலாளி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பக்கத்து ஊரில் இரண்டாவது பட்டறை திறக்கிறார். அதற்கு முழுப் பொறுப்பும் பட்டாளத்தாருக்கு. தனி அறை, போய்வர வண்டி, நினைத்துப் பார்க்காத சம்பளம். "மாசக் கடைசிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க மாஸ்டர். 'சரி'ன்னு மட்டும் சொல்லுங்க, வேற வார்த்தை வேண்டாம்."

செய்தி எப்படித்தான் மச்சான் காதுக்குப் போனதோ, அன்று சாயங்காலமே வந்து சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மாப்ளே, அதிர்ஷ்டம் வீடு தேடி வந்து பெல் அடிக்குது. நீங்க தூங்கணும்னு சொல்றீங்களாமே?"

"தூங்கணும்னு சொல்லலை மச்சான். முழிச்சிட்டு இருக்கணும்னுதான் சொல்றேன். மத்தியானத்துல."

"கேட்டியாம்மா, உன் புருஷன் பேச்சை? நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளை பட்டப்பகல்ல வீட்ல இருந்தா தெருவுல என்ன பேசுவாங்க? உடம்புக்கு என்னன்னு கேப்பாங்க. இல்லேன்னா வேலையை விட்டுத் துரத்திட்டாங்களான்னு கேப்பாங்க!"

மனைவி டீயை அண்ணன் முன்னால் வைத்தாள். அவர் போன பிறகு, சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க ஷெட்டுல ஒரு வழக்கம் உண்டுன்னு சொல்வீங்களே? அதிகாரி திடீர்னு வந்து அலமாரியில ஏதாவது ஒரு பாராசூட்டைக் காட்டுவாருன்னு?"

"ஆமா. அதை மடிச்சவன்தான் அதுல குதிக்கணும். அப்பவே. நானும் குதிச்சிருக்கேன்."

"அப்போ குதிங்க."

"எதுல?"

"இந்த ரிட்டயர்மென்ட்ல. ஒரு வாரம் லீவு போடுங்க. நாளையில இருந்து."

அவர் கை சோற்றிலேயே நின்றது. "நாளைக்கா? இன்னும் ஏழெட்டு மாசம் இருக்கே! நான் இன்னும்..."

"உங்க அதிகாரி நல்ல நாள் பார்த்துட்டா வருவாரு?"

மகள் கை தட்டினாள். "அம்மா சூப்பர்! அப்பா மாட்டினாரு!"

முதல் நாள், எல்லாரும் கிளம்பிப் போன வீட்டில் பட்டாளத்தார் தரையில் மல்லாந்து படுத்திருந்தார். மூன்று மணி. ஜன்னல் கம்பிகளின் வழியே வந்த வெயில், சுவரில் கோடு கோடாக விழுந்து, காலண்டரைத் தொட்டு, மெல்ல நகர்ந்து மகளின் சின்ன வயதுப் புகைப்படத்தின் மேல் வந்து நின்றது. எங்கோ ஒரு குழாயின் கீழ் வாளி நிறையும் சத்தம். தெருவில் யாரோ ஒருவரின் செருப்புச் சத்தம் வந்து, தேய்ந்து, போனது. அவர் கண்ணோரத்தில் நீர் திரண்டு காதுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. இந்த வீட்டுக்கு இப்படி ஒரு முகம் உண்டு என்று அவருக்கு இதுவரை யாருமே சொல்லவில்லையே!

இரண்டாம் நாள் அவருக்குக் கை அரித்தது.

மகள் திரும்பி வந்து அலமாரியைத் திறந்தாள். உள்ளே துணியே இல்லை. செங்கல் செங்கலாக, நாடா போட்டுக் கட்டிய சிறிய பொட்டலங்கள் மட்டும் அடுக்கியிருந்தன.

"அப்பா! என் பச்சை டாப்ஸ் எங்க?"

"மேல் வரிசையில ரெண்டாவது. நாடாவை இழு, திறந்துக்கும்."

இழுத்தாள். அவர் சொன்னது சத்தியம்தான். பொட்டலம் படாரென்று வெடித்து டாப்ஸ், கால்சட்டை, போர்வை எல்லாம் அறை முழுக்கப் பறந்தன. அவள் போர்வைக்கு அடியிலிருந்து, "அம்மாஆஆ!" என்று அலறினாள்.

மூன்றாம் நாள் சமையலறை டப்பாக்கள் உயர வாரியாக அணிவகுத்து நின்றன. மனைவிக்கு உப்பு கிடைக்கவில்லை. வாயைத் திறக்காமல் அன்று உப்பில்லாமலே சமைத்து வைத்தாள். மூவரும் வாயைத் திறக்காமலே சாப்பிட்டார்கள்.

நான்காம் நாள் மனைவிக்கு வார விடுமுறை. பட்டாளத்தார் காலையிலிருந்தே துள்ளிக்கொண்டிருந்தார். இந்த மத்தியானத்தை இரண்டு பேருமாகப் பார்க்கப் போகிறோம் என்று அவருக்கு ஒரே உற்சாகம். அவள் துணி துவைத்தால் பக்கத்தில் நின்றார். அவள் வெங்காயம் நறுக்கினால், "அளவா நறுக்கினா ஒரே மாதிரி வேகும்" என்றார். பத்துத் தடவையாவது, "பாரு" என்றார். சாப்பிட்டு முடித்ததும் ஹாலில் இரண்டு நாற்காலிகளை வெயில் விழப்போகும் சுவரைப் பார்த்துப் போட்டுவிட்டுத் திரும்பினால், அவளைக் காணோம்.

படுக்கையறையில் இல்லை. பின்பக்கம் இல்லை. அவளுடைய செருப்பு வாசலில்தான் கிடந்தது. மாடிப்படி ஏறிப் போனார். மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஒரு பழைய தலையணையைச் சுவரில் சாய்த்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் டீ. அவள் எதையும் படிக்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. சும்மா இருந்தாள். அந்தத் தலையணையை அவர் இதுவரை கண்டதே இல்லை. நடுவில் குழிந்து, அவள் முதுகின் வடிவத்திலேயே ஆகிவிட்டிருந்தது. ஒரே நாளில் ஒரு தலையணை அப்படிக் குழியுமா?

"ஏம்மா, இங்க வந்து உக்காந்துட்டே? கீழ நாற்காலி போட்டு வெச்சிருக்கேனே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பிடிபட்டவளின் தவிப்புதான் இருந்தது.

"இது என் மத்தியானங்க" என்றாள். சொன்னதும் குரல் உடைந்தது. "நீங்க பட்டாளத்துல இருந்த வருஷமெல்லாம், குழந்தை, வேலை, உங்க அம்மா மருந்து, என் அப்பா ஆபரேஷன்னு ஓடிட்டே இருந்தேன். வாரத்துல இந்த ஒரு மத்தியானம்தான் மேல வந்து உக்காருவேன். இங்க நான் யாருக்கும் அம்மா இல்லை. பொண்டாட்டி இல்லை. மருமக இல்லை. நீங்க மத்தியானம் மத்தியானம்னு சொல்றப்பல்லாம் எனக்கு எல்லாம் மங்கலாயிடும். ஏன்னு எனக்கே தெரியலை. இப்பத்தான் தெரியுது."

அவர் படியோரமாக ஒதுங்கினார்.

"உங்க பிளான்ல கூரை இருக்கு. பல்லு இருக்கு. பைப்பு இருக்கு. நான் எங்க உக்காருவேன்னு அதுல இருக்குங்களா?"

என்ன கேள்வி அது! எத்தனை வருஷத் திட்டம்! எத்தனை கட்டங்களை எத்தனை தடவை தடவித் தடவிப் பார்த்திருப்பார்! அந்த வீட்டின் மத்தியானம் யாருமில்லாமல் சும்மா கிடக்கிறது, தான் போய் எடுத்துக்கொண்டால் போதும் என்றல்லவா நினைத்திருந்தார்? அதில் ஏற்கெனவே ஒருத்தி குடியிருந்திருக்கிறாள். அவர் இறங்கிப் போனார். ஹாலில் போட்ட நாற்காலிகளில் ஒன்றை எடுத்து உள்ளே வைத்தார். அன்று சாயங்காலம் வரை அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி தானாகவே பேச்சை எடுத்தாள். "நேத்து ஏதோ உளறிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. இன்னும் கொஞ்ச வருஷம் வேலையில இருங்களேன்? முதலாளிக்குச் சரின்னு சொல்லிடுங்க. அண்ணனும் நிம்மதியாயிடுவான்."

"இல்லை."

"என்ன இல்லை?"

"மடிப்புல பிழை வந்துட்டா, அந்த இடத்தை மட்டும் தட்டிச் சரிபண்ண மாட்டோம். மொத்தத்தையும் பிரிச்சு மேஜையில விரிச்சு முதல்ல இருந்து மடிப்போம். ஆனா அதுக்காகக் குதிக்கிறதையே நிறுத்திட மாட்டோம்." அவர் சாப்பாட்டு மேஜையில் அவள் எதிரே உட்கார்ந்தார். "பிரிச்சுட்டேன். சொல்லு. எது எது உன்னுது?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யார் கேட்டிருக்கிறார்கள்?

"மாடி" என்றாள் மெல்ல.

"சரி."

"என் அலமாரி."

"சரி."

"உப்பு டப்பா."

"அது உயரம் சரியா வரலைன்னுதான்..." என்று ஆரம்பித்தவர் அவள் பார்வையைக் கண்டு, "சரி" என்றார்.

"லீவு நாள் மத்தியானம்."

"சாப்பிட்டதும் வெளிய போயிடுவேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவேன்."

"எங்க போவீங்க?"

"தெரியாது."

எதற்கும் முன்கூட்டியே பதில் வைத்திருக்கும் மனிதரின் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் முதல் தடவையாகக் கேட்டாள். அவரும் முதல் தடவையாகத்தான் சொல்லிப் பார்த்தார். சொன்ன பிறகு அது அவருக்குப் பிடித்திருந்தது போலிருந்தது. "அதைக் கண்டுபிடிக்கத்தானே வேலையை விடறேன்?" என்றார்.

"இப்போ பாரு" என்று இரண்டு கைகளையும் மேஜையிலிருந்து எடுத்தார்.

அவள் அந்த வெறும் மேஜையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கை முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை, மடியிலேயே கிடந்தது. "எனக்கு இன்னும் பயமா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மாசக் கடைசி வந்தது. அன்று காலை கேஸுக்கும், தாழ்ப்பாளுக்கும், சாப்பாட்டுப் பைக்கும் கை விழுந்தது. பெரிய விஷயத்துக்கு மட்டும் விழவில்லை. பட்டாளத்தார் வாசற்படியில் ஒரு நொடி நின்றார். பிறகு தாண்டினார். இன்னொரு கண் பார்க்காத ஒன்றை நெஞ்சில் கட்டிக்கொண்டு அவர் படி தாண்டியது அன்றுதான்.

"வேண்டாம் முதலாளி. புதுப் பட்டறைக்கு வேற ஆளைப் பாருங்க. எனக்கு நாப்பத்தஞ்சு ஆன மாசத்தோட நான் நின்னுக்கறேன்."

"சம்பளம் போதலைன்னா சொல்லுங்க மாஸ்டர்!"

"அது போதும். எனக்கு மத்தியானம் போதலை."

முதலாளி கத்தினார். கெஞ்சினார். பட்டறையில் தையல் மெஷின் ஓட்டும் அக்காவைத் தூது விட்டார். அந்த அக்கா வந்து, "ஏன் மாஸ்டர், வீட்ல ஏதாவது பிரச்சினையா? மனசு விட்டுச் சொல்லுங்க" என்று ரகசியக் குரலில் கேட்டாள். "பிரச்சினை எல்லாம் முடிஞ்சுது அக்கா. அதான் நிக்கறேன்" என்றார். அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் அழுதவள் போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள்.

நாற்பத்தைந்து ஆன மாதம் வந்தது. பட்டறையில் கடைசி நாள் அவர் ஒரு படகுக்கு உறை தைத்து முடித்தார். முற்றத்தில் கட்டினார். குழாயைத் திறந்தார். முக்காலியை எடுக்கக் குனிந்தபோது முதலாளி அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"இன்னைக்கு நான் உக்கார்றேன்."

அந்தக் குண்டு உடம்பைச் சுருக்கிக்கொண்டு, கொட்டுகிற தண்ணீருக்கு அடியில் போய் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. எழுந்து வந்தபோது தோளில் ஒரு துளி ஈரமில்லை. முகம்தான் நனைந்திருந்தது. "தண்ணி தெறிச்சிடுச்சு" என்றார். யாரும் மறுக்கவில்லை.

மறுநாள் காலை. பழக்கம் விடுமா? இருட்டிலேயே எழுந்து, முகம் மழித்து, படுக்கையைக் கத்தி விளிம்பு போல மடித்து வைத்துவிட்டார் பட்டாளத்தார். மகள் கிளம்பினாள். போகிற போக்கில் அலமாரிக்கு ஒரு பூட்டைப் போட்டு, சாவியை அவர் கண்முன் ஆட்டிக் காட்டிவிட்டு, "வர்றேன் ரிட்டயர்டு அப்பா!" என்று ஓடினாள்.

பிறகு மனைவி கிளம்பினாள். இத்தனை வருஷமாக அவள் நின்று அவரை அனுப்பிய வாசற்படியில் இன்று அவர் நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சட்டைப் பையில் விட்டார், எடுத்தார், நிலைப்படியைப் பிடித்தார். சொல்வதற்கும் ஒன்றுமில்லை. அவர் கொண்டு போக எந்தப் பையும் இல்லையே, எதைக் காட்டி, "பாரு" என்பது?

அவள் தோளில் கைப்பையை மாட்டிக்கொண்டு வெளிக்கதவு வரை போய்விட்டாள். கொக்கியில் கை வைத்தவள் நின்றாள். தெருமுனையில் அவளுடைய பஸ்ஸின் ஹாரன் கேட்டது. போகத்தான் போகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் திரும்பினாள். விறுவிறுவென்று நடந்து வந்து, படிக்குக் கீழே நின்று, தோளிலிருந்து பையைக் கழற்றி இரண்டு கைகளிலும் ஏந்தி அவர் முன்னால் நீட்டினாள்.

"டிபன் இருக்கு. சாவி இருக்கு. குடை இருக்கு" என்றாள். மூச்சு வாங்கியது. "பாருங்க."

பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. அவர் அவசரப்படவில்லை. ஜிப்பைத் திறந்தார். டிபனைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். குடையை எடுத்து, அதன் நாடாவைச் சரியாகச் சுற்றி, உள்ளே வைத்தார். ஜிப்பை மூடினார். பிறகு அந்தப் பெரிய கையை விரித்து, பையின் மேல் வைத்து, ஒரு தரம் அழுத்தி எடுத்தார்.